உதடு ஒட்டாத கௌபாய்

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு, அப்பாவின் சோதனை முடிவு எனக்குத் தெரிந்து ஐம்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் வயிற்றிலிருந்து எடுத்த சதைத்துணுக்கு நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கே வந்தது. கண்ணாடித் தகட்டில் பெயர் இருக்காது, எண்தான். அந்த எண்ணை ஒட்டியவள் நான். மருத்துவர் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து சொன்னதைத் தட்டச்சு செய்தவளும் நான்.

அண்ணனிடம் மட்டும் போனில் சொன்னேன்.

"அப்பாகிட்ட மூச்சு விடாதே. ஞாயித்துக்கிழமை நான் வந்து பக்குவமா சொல்லிக்கறேன்," என்றான்.

அப்பா பல்செட் செய்பவர். முன்னறைதான் பட்டறை. யாருடைய மேல்வரிசையையோ உப்புத்தாளால் தேய்த்தபடி கௌபாய் படம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வயதிலிருந்து பார்க்கும் படம்.

"முடிவு வந்துச்சா?"

"இன்னும் வரலைப்பா."

பேச்சை மாற்ற, திரையில் ஓடிய பெயர்களைக் கைபேசியில் தேடினேன்.

"அப்பா, இது அமெரிக்கப் படமே இல்லையாம். இத்தாலிக்காரங்க எடுத்தது. அந்தப் பாலைவனம் ஸ்பெயின்ல இருக்காம்."

"போடி. பேரைப் பாரு, அமெரிக்கப் பேரு."

"அது டிக்கெட் விக்கறதுக்காக வச்சுக்கிட்ட பேரு. அவனவன் அவனவன் பாஷையில பேசி நடிச்சிருக்கான். அப்புறமா டப்பிங்."

உப்புத்தாள் நின்றது. வில்லன் பேசும் இடத்துக்குப் படத்தைப் பின்னால் ஓட்டச் சொன்னார். இரண்டு முறை பார்த்தார்.

"'ம' சொல்ல உதடு ஒட்டணும். இவனுக்கு ஒட்டவே இல்ல பாரு. பல்லு மாட்டிவிட்டதும் எல்லாரையும் 'அம்மா' சொல்லச் சொல்லுவேனே, எதுக்கு?"

"இத்தனை நாள் கவனிக்கலையாப்பா?"

"நாப்பது வருஷமா கவனிக்கிறேன். புகையிலைய அதக்கிக்கிட்டுப் பேசறான்னு நெனச்சேன்."

இருவரும் சிரித்தோம். அவர் முதலில் நிறுத்தினார்.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு. நான் ஒருத்தன்தான் கேனையன்."

"படம் நல்லாத்தானேப்பா இருக்கு?"

"யாரு இல்லைன்னா? சொல்லியிருந்தா அப்பவும் பார்த்திருப்பேன். தெரிஞ்சே பார்த்திருப்பேன்."

பல்வரிசையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். கையைத் துடைத்தார். நாற்காலியை என் பக்கம் திருப்பி, பல் கட்ட வந்தவர்களின் வாயைப் பார்ப்பதுபோல் என் வாயைப் பார்த்தார்.

"முடிவு வரலைன்னு சொன்னியே. இன்னொரு தரம் சொல்லு."

படம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ யாரையோ சுட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

'முடிவு' என்று தொடங்க உதடுகள் ஒட்டின. பிரியவில்லை. அப்பா காத்திருந்தார். அவர் பார்வை என் வாயைவிட்டு நகரவில்லை.

"வந்துடுச்சுப்பா," என்றேன். "செவ்வாய்க்கிழமையே வந்துடுச்சு. கேன்சர்."