சுபூராவுக்குப் பத்து நாள்

ரோமிலிருந்து வந்த வண்டி வாசலில் நின்றபோது, லோலியா ஓடையிலிருந்து அன்றைய ஐந்தாவது குடத்தைச் சுமந்துகொண்டு மேடேறிக்கொண்டிருந்தாள். வண்டியிலிருந்து இறங்கியவன் நுமீசியஸ். அவள் கணவன் திரேபியஸோடு பன்னிரண்டு வருடம் கருவூலத்தில் எழுத்தராக இருந்தவன்.

கொண்டைக்கடலையும் பூண்டுத்தாள் கூட்டும் பரிமாறினாள். நுமீசியஸ் வந்த விஷயத்தைச் சொன்னான். "பழைய வேலை காத்துக்கிட்டு இருக்குடா. ரோம்ல குன்று மேல வீடும் தர்றாங்களாம். நீ தலையாட்டினாப் போதும்."

திரேபியஸ் சிரித்தான். "அங்க விருந்துக்குப் போனா தட்டைப் பாக்க முடியாது, பெரியவங்க முகத்தைத்தான் பாக்கணும். இங்க பசிச்சாச் சாப்பிடறேன். எனக்கு இது போதும்யா."

பிறகு, அளவோடு வாழ்வதைப் பற்றித் தான் எழுதிய கவிதையை வாசித்துக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது. நாலு வரிசை திராட்சை, வெயிலில் படுத்திருக்கும் ஆடு, தெளிந்த ஓடை, எல்லாமே இருந்தன. ஓடைத் தண்ணீர் வீட்டுக்கு எப்படி வந்தது என்பது மட்டும் இல்லை. லோலியா கிண்ணத்தை நிரப்பியபடி காத்திருந்தாள். கவிதை முடிந்துவிட்டது.

"அண்ணே, எங்க ரொட்டிக்கடைத் தெருவுல அந்தக் குழாயடி இன்னும் இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா. சண்டையும் அப்படியே இருக்கு."

ரோமின் நெரிசலான சுபூராப் பேட்டையில், அந்த ரொட்டிக்கடைக்கு மேலே நாலாவது மாடியில் பிறந்தவள் அவள். விடியும்போது ரொட்டி வாசம் படியேறி வரும். எதிர்வீட்டுக்காரி ஜன்னலிலிருந்தே உப்புக் கேட்பாள். அக்கா தலை பின்னிக்கொண்டே தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பாள். கூச்சல், புகை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை என்று எதற்குமே அங்கே அளவு கிடையாது. ஒன்பது வருடமாக இந்த மலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஒரே குரல்தான்.

"நாளைக்கு அண்ணன் வண்டியில நானும் போறேங்க. பத்து நாள் அக்கா வீட்டுல இருந்துட்டு வர்றேன்."

திரேபியஸ் கவிதைச் சுருளை மெல்லச் சுற்றினான். "இங்க உனக்கு என்ன குறை லோலியா?"

"குறைன்னு சொன்னேனா? போதும்னு நீங்க சொன்னீங்க. என்னைக் கேக்கல."

நுமீசியஸ் ஆலிவ் கொட்டையை வாயிலேயே வைத்துக்கொண்டு ஆட்டைப் பார்த்தான்.

திரேபியஸ் சுருளைக் கீழே வைத்தான். "எனக்கு இருந்த நிம்மதி உனக்கும் இருக்குன்னே நெனச்சுட்டேன்." அப்புறம், "திரும்பி வருவேல்ல?" என்றான்.

"பத்து நாள்னுதானே சொன்னேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் அக்காவுக்கென்று ஒரு பாலாடைக்கட்டியை அத்தி இலையில் சுற்றி அவனே வண்டியில் வைத்தான். முதல் வளைவில் லோலியா திரும்பிப் பார்த்தாள். வீட்டுக் கூரையிலிருந்து புகை கறுப்பாகத் திரண்டு கிளம்பிக்கொண்டிருந்தது. ஈர விறகை அடுப்பில் திணித்திருக்கிறான். வண்டியை நிறுத்தச் சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. வண்டி சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. புகை முதலில் மரங்களுக்கு மேல் தெரிந்தது, பிறகு மரங்களுக்கு நடுவே.