அதை மட்டும் எடுத்துடு

ஒலிப்பதிவு நடந்த அறையில் நான், என் மனைவி, என் தங்கை, அவள் கணவர், நகைச்சுவை பாட்காஸ்ட் நடத்தும் என் தம்பி மகன் ஆகியோர் இருந்தோம். வேறு யாரும் இல்லை.

தங்கை கணவர் ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தும் அதிகாரி. ரிவர்ஸில் வந்து தன் அலுவலக கேட்டையே இடித்த கதையை அவர் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். குடும்ப மானம் சந்தி சிரிக்கக் கூடாதே என்று, பிறகு தம்பி மகனைத் தனியே கூப்பிட்டு, "அதை மட்டும் எடுத்துடுடா" என்றேன்.

"கண்டிப்பா எடுத்துடறேன், பெரியப்பா."

மறுநாள் அந்தக் கதை மட்டும் தனித் துண்டாக வெளிவந்திருந்தது. தேர்வுக்கு வந்தவர்கள், "கேட் பத்திரம், சார்" என்று மாப்பிள்ளையைக் கிண்டல் செய்தார்கள்.

"நான் நீக்கச் சொன்னேன்டா."

"தனியா எடுத்துப் போடச் சொல்றீங்கன்னு நினைச்சேன், பெரியப்பா. உங்களுக்கும் ரசனை வந்துடுச்சேன்னு சந்தோஷப்பட்டேன்."

உடனே நீக்கினான். ஆனால் கேட்டவர்கள் கேட்டுவிட்டார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்த நீண்ட பேச்சில் அது யார் கவனத்துக்கும் வராமல் போயிருக்கும்.

மாப்பிள்ளை எங்கள் வீட்டுப் படியேறுவதில்லை என்று உறவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். ஞாயிறுதோறும் வருகிறார். கதை சொல்வதில்லை, அவ்வளவுதான்.