நியூட்ரல் போட்டால் சாகும் எஞ்சின்

பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் சிசிலியாவைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது. துறைமுகம் முழுக்கப் படகை அருமையாக ஓட்டுவாள்; கரையைக் கண்டால் எஞ்சினைக் கொன்றுவிடுவாள். படகோட்டும் சிராங்கு லைசென்ஸுக்கான பரீட்சையில் இரண்டு தடவை அப்படித்தான் ஆயிற்று. ஜெட்டியை நெருங்கி லீவரை நியூட்ரலுக்கு இழுத்தாள், எஞ்சின் ஒரு விக்கல் விக்கி அடங்கியது. பரீட்சை அதிகாரி பக்தவத்சலம் இரண்டு தடவையும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

நாளை மூன்றாவது தடவை. இதிலும் தவறினால் ஒரு வருடத்துக்கு விண்ணப்பமே போட முடியாது. அந்த ஒரு வருடமும் புருஷன் ஓட்டும் படகில் டூரிஸ்டுகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டு, அவர்கள் எடுக்கும் வாந்தியைக் கழுவிக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான். நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புருஷன் லூர்துநாதன் இருபத்திரண்டு வருட சிராங்கு. டுங்கி என்னும் சின்ன மீன்பிடிப் படகில் தொடங்கி, நான்கு மாதம் முன்புதான் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து இந்த ஸ்டெர்ன்டிரைவ் படகை வாங்கினான். எஞ்சின் படகுக்குள் இருக்கும், கியரும் புரொப்பெல்லரும் உள்ள கால் மட்டும் பின்னால் தண்ணீரில் தொங்கும். வாங்கியது அவன் என்பதால் அதில் குறை இருக்க வழியில்லை.

"எஞ்சின்ல ஒண்ணுமில்லட்டி. ஒனக்குக் கை கனம். என் கையில ஒரு நாளாவது நின்னுருக்கா?"

அது உண்மை. அவன் கையில் ஒரு நாளும் நின்றதில்லை. அதனால்தான் சிசிலியாவுக்கே தன் கையின் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. லூர்துநாதனின் தம்பி ராபின், மெக்கானிக், கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிக் கழுவினான். அவனுக்குத் தெரிந்த ஒரே வியாதி கார்புரேட்டர். பங்குச்சாமியார் வந்து மந்திரித்தார். தீர்த்தத்தை எஞ்சின் வயர்கள் மேலேயே தாராளமாகத் தெளித்ததில் அரை நாள் ஸ்டார்ட்டே ஆகவில்லை. பக்கத்துப் படகுக்காரர் சொக்கலிங்கம் தன் பங்குக்கு ஓர் எலுமிச்சம்பழம் கட்டினார். பழம்தான் காய்ந்தது.

பரீட்சைக்கு முந்தைய நாள் காலை சிசிலியா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எஞ்சின் மூடியைத் திறந்தாள். ராபினை லீவர் பக்கம் நிறுத்தினாள்.

"இப்ப நியூட்ரலுக்கு இழு."

இழுத்தான். எஞ்சின் செத்தது. ஆனால் சாகும் முன் கியர் கேபிளின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் அமுங்கியதை அவள் பார்த்துவிட்டாள். கியர் விடுபடுவதற்காகக் கண் சிமிட்டும் நேரம் மட்டும் எஞ்சினின் மூச்சைப் பிடித்துவிடும் சுவிட்ச் அது. இங்கேயோ பிடித்த பிடியை விடவில்லை. லீவரிலிருந்து வரும் கேபிளைத் தனியே கழற்றி ஆட்டினாள், சுலபமாக ஓடியது. பின்னால் தொங்கும் காலுக்குப் போகும் கேபிளை ஆட்டினாள், லேசில் நகரவில்லை. உறைக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து துரு ஏறிக் கிடந்தது. கேபிள் இறுகினால் சுவிட்ச் அமுங்கியே கிடக்கும், எஞ்சின் சாகும். அவ்வளவுதான் விஷயம்.

"மைனி, அந்த சுவிட்ச் வயரப் பிடுங்கிட்டா எஞ்சின் நிக்காதுல்லா?" என்றான் ராபின்.

பிடுங்கிப் பார்த்தார்கள். எஞ்சின் நிற்கவில்லை. கியரும் வெளியே வரவில்லை. நியூட்ரல் என்று காட்டிக்கொண்டே படகு போய் சொக்கலிங்கத்தின் படகை முட்டியது. அவர் தமிழிலும் ஹிந்தியிலும் மாற்றி மாற்றி வாழ்த்தினார். வயரைத் திரும்ப மாட்டினார்கள்.

"புது கேபிள்?"

"கப்பல்ல வருது," என்றான் ராபின். இந்தத் தீவில் எது கேட்டாலும் அதுதான் பதில். "ஆனா மைனி, அண்ணனுக்கு மட்டும் ஏன் நிக்க மாட்டேங்கு?"

சிசிலியா கையில் ஸ்பேனரோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான்கு மாதம் பக்கத்திலேயே நின்று பார்த்தும் உறைக்காதது இப்போது உறைத்தது.

"ஒங்க அண்ணன் எங்கலே நியூட்ரல் போடுதாரு? டுங்கி ஓட்டுன பழக்கத்துல முப்பது அடிக்கு முன்னாலயே சாவியத் திருப்பி எஞ்சின ஆஃப் பண்ணிட்டு, சறுக்கிக்கிட்டுல்லா வாராரு!"

சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது.

மறுநாள் பக்தவத்சலம் பேனாவோடு வந்தார். அவர் வாய் திறக்கும் முன் சிசிலியா பேசினாள்.

"சார், கியர் கேபிள் இறுகிக் கெடக்கு. எஞ்சின் நிக்கது அதனாலதான். எங்க வீட்டுக்காரரு மொதல்ல ஓட்டட்டும். நியூட்ரல் போட்டு ஜெட்டியில கட்டச் சொல்லுங்க."

"எல்லாரும் ஏதாவது சாக்கு, பஹானா வெச்சிருக்கீங்கம்மா," என்றார் அவர். ஆனாலும் லூர்துநாதனைப் பார்த்தார். "பண்ணுங்களேன். சாவியத் தொடக் கூடாது."

லூர்துநாதன் மீசையைத் தடவிக்கொண்டு ஏறினான். எதிர்க்கரை சாத்தாமிலிருந்து வந்த ஃபெரியின் கூட்டம் முழுக்க ஜெட்டியில் நின்று பார்த்தது. கம்பீரமாக வந்தான், லீவரை இழுத்தான். விக்கல். அடக்கம். இருபத்திரண்டு வருட சிராங்கு பக்கவாட்டில் மிதந்து போய் ஜெட்டியின் டயர்களில் சப்பென்று மோதினான். யாரோ கை தட்டினார்கள்.

பக்தவத்சலம் பேனாவை மூடவில்லை. "வேற படகு இருக்கா?"

சொக்கலிங்கம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே சாவியைக் கொடுத்தார். அதுவும் இதே மாதிரிப் படகு. சிசிலியா ஏறிச் சக்கரத்தைப் பிடித்தாள். கேபிள்தான் காரணம் என்று அறிவுக்குத் தெரிந்தது. ஆனால் நான்கு மாதம் கேட்ட பேச்சு லேசில் போகுமா? இதிலும் நின்றுவிட்டால், குற்றம் தன் கைமேல்தான். பயந்தாள், நன்றாகவே பயந்தாள். ஜெட்டி நெருங்கியது. வேகத்தைக் குறைத்து, லீவரை நியூட்ரலுக்கு இழுத்தாள்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. படகு டயரைத் தொட்டு நின்றது. இறங்க மனமில்லாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்ததைத் துடைக்கவும் இல்லை.

பக்தவத்சலம் கையெழுத்துப் போட்டுவிட்டு லூர்துநாதன் பக்கம் திரும்பினார். "உங்க லைசென்ஸ் ரினியூவல் எப்போ?"

"மார்ச்சு சார்."

"நல்லது. நானேதான் வருவேன்."

அவர் போனதும் லூர்துநாதன் மனைவியின் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினான்.

"சிசிலி, கேபிள் வந்ததும் நியூட்ரல் போட்டுக் கட்ட எனக்கு ஒருக்கா சொல்லித் தாரியா?"

"தாரேன். மொதல்ல மன்னிப்புக் கேளுங்க. இங்கனயே, எல்லாருக்கும் கேக்குத மாதிரி."

லூர்துநாதன் சுற்றிலும் பார்த்தான். ஃபெரிக் கூட்டம் இன்னும் கலையவில்லை. கேட்டான்.

"எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் விளங்கலியே," என்றாள் சிசிலியா.

மறுபடியும் கேட்டான்.