பதினோரு கிலோ

பந்தயக் காரின் எடையைக் குறைத்தால், குறைத்த எடையை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பொழுது விடிவதற்குள் அது காருக்கே திரும்பிவிடும். பந்தயம் முடிந்ததும் வாங்கியவர்கள் அதைத் திருப்பித் தந்துவிட வேண்டும். கோயமுத்தூரில் எல்லாப் பட்டறையிலும் இதுதான் வழக்கம்.

தாட்சாயணியின் சிவப்புக் காரில் பின்சீட்டைக் கழற்றினேன். அந்தப் பதினெட்டு கிலோவை எதிர் டீக்கடை மருதாசலம் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் டீயைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் ஆடை கட்டிவிடுகிறது. ஏசியின் எடையை மருந்துக்கடைக்காரர் வாங்கினார். அவருடைய ஸ்டூல் அன்றைக்கே உடைந்தது. ஸ்பேர் டயர் என்னிடம். என் ஸ்கூட்டர் மேம்பாலம் ஏற மாட்டேன் என்கிறது.

மிச்சம் பதினோரு கிலோ, கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டார்களும் கதவின் உள்பலகைகளும். வாங்கிக்கொள்ளத் தெருவில் ஆளில்லை. தாட்சாயணி மூன்று பந்தயங்களில் மயிரிழையில் தோற்றவள். இந்த ஞாயிறும் தோற்றால் காரை விற்றுவிடுவதென்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள். நிற்கிற காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அப்போது பக்கத்து மாடி ஜன்னலிலிருந்து ரங்கநாயகி டீச்சர் கூப்பிட்டார். கணவர் இறந்த பிறகு டீச்சருக்கு எடை போய்விட்டது. நான்கு வருடமாக இடுப்பில் பழைய சேலை ஒன்றைச் சுற்றி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டு, விட்டத்தை ஒட்டியே குடியிருந்தார்.

"ஏப்பா சென்னியப்பா, அதை எனக்குக் குடுத்தா ஆகாதா?"

"பதினோரு கிலோவுங்க டீச்சர்."

"பத்தாதுதான். இருந்தாலும் குடு."

கொடுத்தேன். டீச்சர் மெல்லத் தரைக்கு வந்து முடிச்சைத் தானே அவிழ்த்தார். பிறகு மாடிப்படியில் அவர் இறங்கி வரும் சத்தம் கேட்டது. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் எந்த எஞ்சினிலும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பந்தயத் திடலுக்கு நடந்தே வந்தார். வேலியைப் பிடிக்காமல் நின்று பார்த்தார். தாட்சாயணி இரண்டு கார் நீளம் முந்தி முதலாவதாக வந்தாள். நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

திருப்பிக் கொடுக்கும் நேரம் வந்தது. மருதாசலம் முண்டியடித்துக்கொண்டு முதல் ஆளாகக் கொடுத்துவிட்டுத் துள்ளிக் குதித்துப் பார்த்தார். டீச்சர் கடைசியாக வந்தார். ஒரு கையில் அந்தப் பழைய சேலையை மடித்து வைத்திருந்தார்.

"இந்தா கண்ணு, எடுத்துக்க" என்றார்.

தாட்சாயணி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "நீங்களே வெச்சுக்குங்க டீச்சர். அது இல்லாமத்தான் வண்டி நல்லா ஓடுது."

காரை விற்கும் பேச்சை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை பட்டறையைத் திறக்கப் போனேன். வாசலில், என் தலைக்கு மேலே, ஏழு பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி வரிசையாகக் காத்திருந்தார்கள். முதல் ஆளின் இடுப்பில் அந்தப் பழைய சேலை. அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் தரையில் நின்றிருந்தார்.

நல்லவேளையாக, பிரேக் வேலைக்கு ஒரு லாரி வந்து நின்றிருந்தது. ஓனருக்கு போன் போட்டு, உங்கள் லாரி பந்தயத்துக்குப் போகிறது என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தேன்.