பிஞ்சுப் பூ

தம்பிக்குப் பிலாயில் வேலை கிடைத்தது. பெண்டாட்டி பிள்ளைகளோடு அவன் ரயிலேறிய பிறகு, காளவாசலுக்கு மேற்கே அவன் கட்டிய வீட்டில் நான் மட்டும் மிஞ்சினேன். எழுபத்தெட்டாம் வருஷம். எனக்கு நாற்பத்து மூன்று வயது. பெயர் ஆனிமேரி, மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர், கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று ஒரு தடவை கேட்டவர்கள் மறுதடவை கேட்டதில்லை. என் வாய் அப்படி.

அந்த ஒரு வருஷத்தில் என் கேட்டைத் திறந்து உள்ளே வந்தவர்கள் தபால்காரரும் கரண்டு ரீடிங் எடுக்கிறவரும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், திங்கள் காலை வகுப்பு வரைக்கும் பேச ஆளில்லை. சில நாள் உலையில் கொதிக்கிற அரிசியிடம் பேசிக்கொண்டிருப்பேன். பிறகு வெட்கமாக இருக்கும்.

பெரிய டீச்சர் ஒரு நாள் கூப்பிட்டுவிட்டார். "ஹாஸ்டலுக்கு வார்டன் தேடுறோம் ஆனிமேரி. ரூம் ஒண்ணு தருவோம். தனியாக் கெடந்து என்ன செய்யப் போறீங்க? ஜனவரிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

வார்டன் என்றால் மணியடித்து, விளக்கணைத்து, அந்த ரூமிலேயே கிழவியாகிவிடுவது. எனக்கு மனசில்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. இந்தத் தெருவில் ஒரே ஒரு மனுஷி என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசினால் போதும், இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த ஐப்பசி மழையில்தான் பூசணி போட்டேன். தோட்டம் போடும் திட்டமெல்லாம் இல்லை. அதுவரை ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றியவள் இல்லை. கூட்டு வைக்க வாங்கிய பூசணிக் கீற்றில் விதை கொழுகொழுவென்று இருந்தது, தூக்கிப் போட மனசு வரவில்லை. சாம்பலில் புரட்டிக் காயவைத்தேன். பக்கத்து வீட்டுச் சுவரோரம் குழி தோண்டினால், வீடு கட்டியவர்கள் விட்டுப்போன செங்கல் துண்டும் காரைக்கட்டியுமாக வந்தது. எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு, மக்கிய சாணியைப் போட்டு நிரப்பி, ஒரே குழியில் எட்டு விதை ஊன்றினேன். மூன்றாம் நாள், முளைத்ததா என்று தோண்டிப் பார்த்தேன். ஐந்தாம் நாளும் தோண்டினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஒச்சாயி எட்டிப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். "டீச்சர், அம்புட்டுத் தடவ தோண்டிப் பாத்தா அது எப்பிடி மொளைக்கும்?"

"எனக்குத் தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவள் தலையை இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

நான் தோண்டியும் பிழைத்தது ஒரு கொடி. கார்த்திகையில் சுவரேறி, ஒச்சாயி வீட்டுத் தொழுவக் கூரையில் படர்ந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்கழி முதல் நாள், விடிவதற்கு முன்னால் கேட் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுச் சோலையம்மாளும் இன்னும் மூன்று பெண்களும் நின்றார்கள். "டீச்சர், கோலத்துல வைக்கப் பூசணிப்பூ குடுப்பீகளா? இங்கிட்டு எங்கயுமே இல்ல."

கோலமும் சாணிப்பிள்ளையாரும் எங்கள் வழக்கத்தில் கிடையாது. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித ஸ்டார்தான் வாசலில் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் பூப்பறித்துக் கொடுத்தேன். மறுநாள் ஆறு பேர் வந்தார்கள். ஒச்சாயியும் வந்தாள். நாலு மணிக்கே எழுந்து, குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தேன். பூப்பறிக்கிற ஐந்து நிமிஷத்தில் தெருக்கதை முழுக்க வந்துவிடும். நானும் சிரித்தேன். காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றால், "கோலம் காஞ்சிரும் டீச்சர், இன்னொரு நாள்" என்று ஓடிவிடுவார்கள்.

ஒரு நாள் சோலையம்மாள் என் கையைப் பிடித்தாள். "இது பிஞ்சுப் பூ டீச்சர். அடியில பாருங்க, உருண்டையா இருக்கா? இதுதான் காயாகும். விட்டுருங்க." விட்டேன். அன்று ஒரு பெண்ணுக்குப் பூ இல்லாமல் போய்விட்டது. மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அதன்பிறகு பிஞ்சுப் பூவென்று பார்க்கவில்லை. சோலையம்மாள் கண்ணில் படாமல், அவர்கள் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் பறித்துத் தட்டில் வைத்துவிடுவேன். தெரிந்தேதான் செய்தேன். எனக்குப் பூசணிக்காயா வேண்டும்? ஆள் வேண்டும்.

தை பிறந்தது. கோலத்தில் பூ வைப்பது மார்கழியோடு முடிந்துவிடும். முதல் நாள் நாலு மணிக்கு எழுந்து குளித்தேன். யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. கொடியில் பூக்கள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து, வெயிலில் சுருங்கிக் கொட்டின. தெருவில் சோலையம்மாள் பார்த்தால், "நல்லாருக்கீகளா டீச்சர்" என்று கேட்டபடியே போய்விடுவாள். பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் பெரிய டீச்சரிடம் போய், வார்டனாக வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அரிவாளை எடுத்துக் கொடியை வேரை ஒட்டி அறுத்தேன். ஆத்திரம்தான், வேறென்ன. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அறுத்த இரண்டாம் நாள் சாயங்காலம் கேட் திறந்தது. ஒச்சாயி முந்தானையில் எதையோ ஏந்திக்கொண்டு நேராக வீட்டுக்குள் வந்தாள். பச்சை மாறாத பூசணிக்காய் ஒன்று.

"கொடி ஏன் டீச்சர் வாடிப்போச்சு? வேர்ல புழுவா?"

"நான்தான் அறுத்தேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். "எங்க தொழுவத்துக் கூரையில புடிச்ச காய் டீச்சர். நீங்க பாத்தா இந்தப் பூவையும் குடுத்துருவீகன்னு எலயப் போட்டு மூடி வச்சேன். அடியில வைக்கோலு வச்சுப் பாத்துக்கிட்டேன். இன்னும் இருவது நாள் கெடந்தா வெளஞ்சிருக்கும். கொண்டாந்து குடுத்துட்டு, கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டுப் போவோம்னு இருந்தேன்."

"அதுக்குக் காய் எதுக்கு? சும்மா வந்தா என்ன?" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"வெறுங்கையோட எப்பிடி டீச்சர் வாரது? நீங்க வெடுக்குனு எதும் சொல்லிட்டீகன்னா?"

காயை வாங்கித் தரையில் வைத்தேன். அப்போதுதான், மூலையில் நான் கட்டி வைத்திருந்த டிரங்குப் பெட்டியை அவள் பார்த்தாள். "எங்க கெளம்பிட்டீக?"

"ஹாஸ்டலுக்கு. திங்கக்கிழமை. எழுதிக் குடுத்துட்டேன்."

அவள் காயைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "சரி, அருவாமணையக் குடுங்க. எளசுன்னாலும் கூட்டுக்கு ஆகும்" என்றாள். நான் எடுத்துக் கொடுத்தேன். காயை இரண்டாகப் பிளந்தாள். விதைகள் வெள்ளை வெளேரென்று, உள்ளே பருப்புக் கட்டாமல் சப்பையாக இருந்தன. ஒன்றை நகத்தால் நசுக்கிக் காட்டினாள்.

"இது மொளைக்காது டீச்சர்."

எனக்குத் தெரியும் என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன்.