யாரும் சிரிக்காத சபை

கோபத்தை அடக்குவது பற்றி கஸ்பேரியஸ் ஒரு சிறிய நூல் எழுதியிருந்தார். அதில், எப்போதோ சிசிலித் தீவை ஆண்ட ஓர் அரசன் வருகிறான். காலையில் சமையற்காரனைக் கொல்லச் சொல்லிவிட்டு, விருந்தில் உட்கார்ந்து, "மீன் சரியில்லை, கூப்பிடு அவனை" என்று கத்துகிறான். பேரரசரின் மாளிகையிலும் அப்படியே ஒன்று நடந்திருந்தது. ரோமில் அது தெரியாதவர் இல்லை, பேசியவரும் இல்லை.

அந்தப் பக்கத்தைக் காட்டி ஓப்பியஸ் என்ற செனட்டர் கஸ்பேரியஸ் மேல் ராஜத்துரோக வழக்குத் தொடுத்தான். விசாரணை அன்று காலை, கணவர் கஸ்பேரியஸுக்கு டோகா என்ற மேலாடையைச் சுற்றிவிட்டுக்கொண்டே வெரானியா சொன்னாள்:

"ஒரே ஒரு கேள்வி கேளுங்க. 'இதுல உனக்கு யார் தெரியுறா?'ன்னு. அவன் வாயால பேரரசர்னு சொல்லட்டும். சொன்னா மாட்டுறது அவன்தான்."

"அது அவனுக்குத் தெரியாதா, வெரானியா?"

"வேற வழி இருந்தா சொல்லுங்க."

அவர் சபைக்குக் கிளம்பினார்.

பெண்களுக்குச் செனட் சபைக்குள் இடமில்லை. திறந்திருந்த வாசலில், கூட்டத்தோடு நின்று அவள் கேட்டாள். கஸ்பேரியஸ் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஓப்பியஸ் புன்னகைத்தான். "சிசிலி ராஜாதான் தெரியுறார். என்ன கோமாளி! எங்க, எல்லாரும் சிரிங்க பார்ப்போம். செத்துப்போன அந்நிய ராஜாவைப் பார்த்துச் சிரிக்க என்ன பயம்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. இதே கதையைக் கேட்டு விருந்தில் புரையேறச் சிரித்த நண்பர்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் அதில் பேரரசர்தான் தெரிகிறார் என்று காட்டிய அந்த மௌனமே தீர்ப்பாகிக்கொண்டிருப்பது வெரானியாவுக்குப் புரிந்தது.

அவள் சிரித்தாள். வாசலிலிருந்து, உரக்க, தனியாக.

"சிரிங்களேன்! வெறும் கதைதானே! ஐயா, யாராவது சிரிங்களேன்!"

பக்கத்தில் நின்றவர்கள் அவளைவிட்டு நகர்ந்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

தீர்ப்பு வந்தது: நூலை எரிக்க வேண்டும். கஸ்பேரியஸ் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ளலாம். பேரரசரின் கருணை அவ்வளவுதான்.

காவலர்கள் பின்தொடர, இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"நூல்ல அந்த மீன் வர்ற இடத்துல நிஜமாவே சிரிப்பு வருதா?" என்று கேட்டார் அவர்.

"நாசமாப் போக உங்க எழுத்து" என்றாள் அவள். அவர் கையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டு, முடிந்தவரை மெதுவாக நடந்தாள்.