பால் வடிந்த பூ

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். அண்ணன் தம்பி இருவரும் கீழே சாவிக்கடை வைத்திருந்தார்கள், மேலே குடியிருந்தார்கள். மூத்தவள் வந்து எட்டு வருஷம் ஆகிறது. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர் முகத்தைப் பார்த்தே எந்த வீட்டுப் பூட்டு என்று சொல்லிவிடுவாள். இளையவள் வந்து நான்கே மாதம். வந்த முதல் வாரத்திலேயே ஒரு நாள் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். மூத்தவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து இளையவளுக்கு வெங்காயம் உரிப்பதும் பாத்திரம் தேய்ப்பதும்தான் வேலை.

ஒரு சனிக்கிழமை ராத்திரி, தட்டைக் கழுவிக்கொண்டே மூத்தவள் சொன்னாள்: "நாளைக்குக் காலைச் சாப்பாட்ட நீயே பாத்துக்க."

இளையவளுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பெண்கள் விடுதியின் சமையலறையில் வேலை பார்த்தவள். இருநூறு பேருக்கு அசராமல் சமைத்த கை. இந்த வீட்டில் நாலு பேருக்குமுன் கை நடுங்கியது என்றால், அது மூத்தவளின் பார்வையால்தான். நாளைக்கு ஏதாவது புதுசாகச் செய்துகாட்ட வேண்டும் என்று நினைத்தாள். அப்போதுதான் பூசணிப்பூ ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் பின்னால் மூடிக் கிடந்த ஒரு ஐஸ் ஃபேக்டரி. அதன் உடைந்த சுவரில் பூசணிக்கொடி ஒன்று யாரும் வைக்காமலே முளைத்து ஏறியிருந்தது. மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். விடியற்காலையில் மஞ்சள் மஞ்சளாக விரிந்திருக்கும். வெயில் ஏறினால் வாயை மூடிக்கொள்ளும். விடுதியில் கூடை கூடையாகப் பொரித்திருக்கிறாள். அடியில் குட்டிக் காயோடு இருப்பது பெண் பூ, அதை விட்டுவிட வேண்டும். நீளக் காம்போடு நிற்கும் ஆண் பூவைத்தான் பறிக்க வேண்டும். எல்லாம் அத்துபடி.

ஐந்தரை மணிக்கே துணிப்பையோடு இறங்கினாள். கண்ணுக்குச் சரியாக வெளிச்சம் பிடிபடவில்லை. சுவர் ஓரம் முழங்கால் உயரத்துக்கு இலை. கையை விட்டால் சுணை குத்தியது. இலைக்கு அடியில் என்ன இருக்கிறதோ என்ற பயம் ஒரு பக்கம். உள்ளேயிருந்து ஒரு நாய் உறுமிக்கொண்டே எழுந்தது இன்னொரு பக்கம். நின்று நிதானமாகப் பறிக்க முடியவில்லை. கண்ணில் மஞ்சளாகப் பட்டதையெல்லாம் அள்ளிப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓட்டமாக வந்துவிட்டாள்.

சமையலறையில் ஒரு அகலச் சட்டியில் தண்ணீர் ஊற்றிப் பூக்களைப் போட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து, இதழை விரித்து, எறும்பு இருக்கிறதா என்று பார்த்து, நடுத்தண்டைக் கிள்ளி எறிந்தாள். ஒரு பூவிலிருந்து தேனீ ஒன்று தள்ளாடிக்கொண்டே வெளியே வந்தது. முக்கால்வாசிப் பூவை இப்படிச் சுத்தம் செய்திருப்பாள். அதற்குள் எண்ணெய் காய்ந்துவிட்டது. கூடத்தில் மூத்தவளின் மகள் தட்டைத் தட்டிக்கொண்டு, "சித்தி, பசிக்குது! சித்தி, பசிக்குது!" என்று பாட்டாகவே பாட ஆரம்பித்துவிட்டாள். ஐந்து வயது. உருண்டு உருண்டு ஓடுவதால் வீட்டில் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். மீதிப் பூவை இளையவள் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியே கைப்பிடியாக அள்ளி மாவில் முக்கி எண்ணெயில் போட்டாள்.

மொறுமொறுவென்று பொரிந்து வந்தது. மூத்தார் ஐந்து தின்றார். "இனிமே பூக்கடைப் பக்கம் என்னைக் கூட்டிட்டுப் போகாதீங்க, மேஞ்சிருவேன்" என்றார். பட்டாணி மூன்று தின்றாள். இளையவளின் புருஷன் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தான். மூத்தவள் ஒன்றைக் கடித்து, மென்று, விழுங்கிவிட்டு, "நல்லாருக்கு" என்றாள்.

ஒரே ஒரு வார்த்தைதான். இளையவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மிஞ்சிய கடைசி ஈட்டை அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு, பாத்திரத்தை ஒழிக்கப் போனாள்.

பூ ஊறிய சட்டியைக் கவிழ்க்கும்போதுதான் பார்த்தாள். அடியில் ஒரு பூ ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள்தான். புனல் மாதிரிதான் இருந்தது. ஆனால் பூசணிப்பூவில் இருக்கும் நரம்பு இல்லை, சுணை இல்லை. வழவழவென்று, ஒன்றன்மேல் ஒன்று சுருட்டி வைத்தாற்போல இதழ்கள். காம்பைக் கிள்ளினாள். வெள்ளையாகப் பால் வடிந்தது.

அரளி.

அரளியைத் தெரியாதவர்கள் யார்? சண்டை போட்டுக்கொண்டவர்கள், மனம் வெறுத்தவர்கள் என்று அந்தச் செடியோடு சேர்த்துச் சொல்லப்படும் கதைகளெல்லாம் சாவுக் கதைகள்தான். விதையில் விஷம் என்பார்கள். பூவிலும் உண்டா? உண்டு என்றுதான் கேட்டிருக்கிறாள். சட்டியில் தங்கியது ஒன்று. மாவில் விழுந்தது எத்தனை?

கூடத்தை எட்டிப் பார்த்தாள். மூத்தார் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். புருஷன் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். பட்டாணி தரையில் மல்லாந்து கிடந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே உள்ளங்கை வேர்த்தது.

பூவை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு கொல்லைப் படியில் இறங்கிச் சுவருக்கு ஓடினாள். இப்போது வெளிச்சம் பளீரென்று இருந்தது. விடியலில் கறுப்பாகத் தெரிந்தது எல்லாம் இப்போது துல்லியமாகத் தெரிந்தது. பூசணிக்கொடிக்கு மேலே, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, ஒரு அரளி மரம் கிளையை நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து உதிர்ந்த பூக்கள் பூசணி இலைகளின்மேல் வாய் கவிழ்ந்து கிடந்தன. பத்து இருக்கும், பதினைந்து இருக்கும். அவள் கைவிட்டு அள்ளிய இடத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

வயிற்றைப் புரட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சொல்லிவிட வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது? வந்த நாலாம் மாதம் வீட்டோடு எல்லோருக்கும் விஷம் வைத்தவள் என்று பேர் வரும். வேண்டுமென்றே செய்தாள் என்றுகூடச் சொல்வார்கள். சொல்லாமல் இருந்தால்? ஒருவேளை ஒன்றுமே ஆகாமல் போனால்? ஒரு பூதான் வந்திருந்தது, அதுவும் சட்டியிலேயே தங்கிவிட்டது என்றால்? வாயைத் திறந்து வீணாகக் கெட்ட பேரை வாங்கிக்கொண்டவள் ஆவாள்.

திரும்பி வந்து பூவைக் குப்பைக்கு அடியில் புதைத்தாள். சட்டியைத் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். மூத்தவள் உள்ளே வந்து டீக்குத் தண்ணீர் வைத்தாள். "அதத்தான் இப்பத் தேச்சியே" என்றாள். இளையவள் சட்டியில் இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றினாள். சுவர்க் கடிகாரத்தையும் கூடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அரை மணி நேரம் அப்படியே போனது. நெஞ்சுக்குள் ஏதோ பாறாங்கல் மாதிரி உருண்டது. கண்முன்னால் எல்லாம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிவது போலிருந்தது. பயம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கவனித்தாள், கூடத்தில் பட்டாணியின் சத்தம் நின்றிருந்தது.

எட்டிப் பார்த்தாள். குழந்தை ஒருக்களித்து, கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து கிடந்தாள். அந்தக் குழந்தை பகலில் தூங்கி அவள் பார்த்ததே இல்லை.

"பட்டாணி!" ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பட்டாணி! ஏந்திரிம்மா! கண்ணத் தொற!"

குழந்தை மிரண்டு எழுந்து வீரிட்டு அழுதாள். எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"என்னாச்சு? தூங்குற புள்ளைய ஏன் இப்படி உலுக்குற?" என்றான் புருஷன்.

"அக்கா..." இளையவள் மூத்தவளின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, அந்தப் பூவுல அரளி கலந்திருச்சுக்கா. இருட்டுல தெரியாம அள்ளிட்டேன். சட்டியில ஒண்ணு கெடந்துச்சு. எத்தன வெந்துச்சுன்னு எனக்குத் தெரியல."

மூத்தார் பேப்பரைக் கீழே போட்டார்.

"பொரிச்சா விஷம் போயிருமே" என்றான் புருஷன், யாரையோ கேட்பது போல. "ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஆகியிருந்தா?" என்றாள் மூத்தவள். அதற்குள் குழந்தையை இடுப்பில் தூக்கியிருந்தாள். இளையவளைத் திட்டவில்லை, பார்க்கக்கூட இல்லை. "அந்தப் பூ எங்க?"

"குப்பையில..."

"எடு. கையோட கொண்டா. டாக்டர்ட்ட காட்டணும். தம்பி, வண்டிய எடுங்க. அஞ்சு பேரும் போறோம்."

கடைக்கு இரும்பு ஏற்றிவரும் சின்ன வண்டி அது. பின்னால் பூட்டு அச்சுகள் கிடந்தன. மூத்தவளும் இளையவளும் குழந்தையோடு அதற்குள் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி பள்ளத்தில் குதித்தபோதெல்லாம் அச்சுகள் கலகலவென்று மோதின. பட்டாணி இப்போது நன்றாக முழித்துக்கொண்டு, "நாம எங்கம்மா போறோம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மூத்தவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் உதடு நடுங்குவதை இளையவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் தனக்கு இருந்த பயம் பத்து மடங்கானது.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். பூவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மஞ்சள் அரளிதான்" என்றார். "இது இதயத் துடிப்பைக் கெடுக்கும். யார் யார் சாப்பிட்டீங்க? எத்தனை மணிக்கு? யாருக்காவது கசந்துச்சா?"

ஒருவரும் கசந்ததாகச் சொல்லவில்லை. குழந்தைக்கு முதலில் நெஞ்சில் ஒயரை ஒட்டினார்கள். துடிப்பை வரைந்த காகிதம் நீளமாக வெளியே வரும்வரைக்கும் அந்த அறையில் யாரும் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. டாக்டர் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "குழந்தைக்கு நல்லாருக்கு" என்றார். மூத்தவள் சுவரில் சாய்ந்து ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள். அப்புறம் மூத்தார், புருஷன், மூத்தவள். மூன்று பேருக்கும் சரியாகவே இருந்தது.

"அடுத்து நீங்க" என்றாள் நர்ஸ்.

"எனக்கு வேண்டாம்" என்றாள் இளையவள். "நான் கடைசியில மிஞ்சுனத ரெண்டு மூணு வாயில போட்டதோட சரி. கொழந்தைய இன்னொரு தடவ பாருங்க."

"வாம்மா இப்படி." நர்ஸ் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். பிடித்தவள் விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடியும் எண்ணினாள். "டாக்டர், நாப்பத்திரண்டுதான் இருக்கு."

சுத்தம் செய்யாத அந்தக் கைப்பிடிப் பூவைக் கடைசி ஈட்டில்தான் போட்டிருந்தாள். அந்த ஈடு கூடத்துக்குப் போகவே இல்லை. அடுப்படியில் நின்று அவள்தான் தின்றாள். ஒன்று நாக்கின் அடியில் சுருக்கென்று கசந்ததும், நடுத்தண்டைக் கிள்ளாததால் வந்த கசப்பு என்று விழுங்கிவிட்டதும் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குமட்டல், வேர்வை, மஞ்சள் பார்வை, நெஞ்சுக்குள் உருண்ட கல் எல்லாவற்றையும் பயம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

கட்டிலில் கிடத்தினார்கள். விஷத்தை உறிஞ்சும் கரிக்கரைசல் ஒரு டம்ளர் நிறையக் கொடுத்தார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள். தலைமாட்டில் ஒரு பெட்டி துடிப்பைக் காட்டியது. நாற்பத்திரண்டு. நாற்பது. முப்பத்தெட்டு. எண் ஒவ்வொன்றாக இறங்க இறங்க, அடுத்த துடிப்பு வருமா வராதா என்று அவளே காதுகொடுத்துக் காத்திருந்தாள். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு கிணறு. ஒவ்வொரு தடவையும் அதற்குள் விழுந்து விழுந்து எழுந்தாள்.

ஆண்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். மூத்தவள் மட்டும் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்."

"பேசாதே. மூச்ச விடு."

"முன்னாடியே பாத்துட்டேன்கா. அரை மணி நேரம் சொல்லாம இருந்தேன். பூவப் பொதச்சேன். கெட்ட பேரு வந்துரும்னு..."

பெட்டி இரண்டு மூன்று தடவை கூவியது. நர்ஸ் வந்து மருந்தைக் கூட்டிவிட்டுப் போனாள்.

"எம் புள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா உன்ன மன்னிச்சிருக்க மாட்டேன்" என்றாள் மூத்தவள் கடைசியில். "இப்பவும் கோவம்தான். வயிறு எரியுது. ஆனா ஒண்ணு. இந்த வீட்டுல ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்ல முடியாத அளவுக்கு உன்ன நான் வச்சிருந்திருக்கேன். அத நெனச்சா அதவிட எரியுது." அவள் இளையவளின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சில்லென்றிருந்த பாதத்தை உள்ளங்கையால் தேய்க்க ஆரம்பித்தாள். "நீ சாவுறதாயிருந்தா வீட்டுக்கு வந்து என்கிட்ட ரெண்டு திட்டு வாங்கிட்டுச் சாவு. இப்ப மூச்ச விடு."

சாயங்காலம் நாற்பத்தாறு ஆனது. மறுநாள் காலையில் ஐம்பத்தைந்து. மூன்றாம் நாள் டாக்டர் பெட்டியை அணைத்துவிட்டு, "வீட்டுக்குப் போகலாம்" என்றார். மூத்தார் அதற்குள் ஐஸ் ஃபேக்டரிக்காரரைத் தேடிப் பிடித்து, அவரிடம் கேட்டுக்கொண்டு அரளிக் கிளையை வெட்டிவிட்டிருந்தார்.

பயம் மட்டும் ஆஸ்பத்திரியோடு போகவில்லை. இளையவள் சமைக்க ஆரம்பித்த பிறகும், எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை கதவோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தனக்கென்று ஒரு பருக்கை எடுத்துக்கொள்ள மாட்டாள். நாலைந்து நாள் மூத்தவள் கவனித்தாள். அப்புறம் ஒரு நாள், தட்டு வைத்ததும் முதல் கவளத்தை அள்ளி வாயில் போட்டு, மென்று விழுங்கி, தன் மணிக்கட்டைத் தானே பிடித்து நாடி பார்த்தாள்.

"அடிக்குது. எல்லாரும் சாப்பிடுங்க" என்றாள்.

மூத்தார் சிரித்துவிட்டார். இளையவள் அழுதுவிட்டாள். அடுத்த நாளும் மூத்தவள் அதையே செய்தாள், அதற்கடுத்த நாளும். பட்டாணியும் பழகிக்கொண்டு, வாய் நிறையச் சோற்றோடு தன் குட்டி மணிக்கட்டைப் பிடித்து, "எனக்கும் அடிக்குது சித்தி!" என்று கத்துவாள். எத்தனையாவது நாள் என்று தெரியாது, ஒரு நாள் இளையவளும் சிரித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர்களோடு உட்கார்ந்தாள்.